கொடைக்கானலுக்கு ஐந்து தடவை

"நான் அஞ்சு தடவை கொடைக்கானல் போயிருக்கேன்" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவில் அப்படிச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். எப்படிப் போனாள் என்று நான் கேட்டது காலேஜ் படிக்கும்போதுதான்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அம்மா, திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப் முதலாளி வீட்டில் பிள்ளை பார்க்கச் சேர்ந்தாள். 1977இலிருந்து ஐந்து மே மாதங்கள் அந்தக் குடும்பத்தோடு மலைக்குப் போனாள். அம்பாசிடரில் வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். மடியில் ஒரு பிள்ளை, கையில் எலுமிச்சம்பழம், காலடியில் வாந்திக்கு ஒரு டப்பா.

"ஏரியச் சுத்தி எத்தனை தடவை நடந்தேன்னு கணக்கே இல்ல. போட்டுல மட்டும் ஏறுனதில்ல. செருப்பு, ஸ்வெட்டரு எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டுக் கரையில நிப்பேன்."

"அந்த மாசம் சம்பளம்?"

"கூட்டிட்டுப் போனதே பெரிசுல்ல?"

அவர்கள் நல்லவர்கள் என்றும் சேர்த்துச் சொல்வாள். பொய் இல்லை. கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரே பானைச் சோறுதான் போட்டிருக்கிறார்கள்.

போன மே மாதம் நாங்கள் பெங்களூரிலிருந்து கொடைக்கானல் போனோம். நான், கணவர், மூன்று வயது மகள், அம்மா. கூடவே மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. நிலக்கோட்டைப் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். காரில் நான்தான் சொன்னேன், "அக்காவுக்கும் ஒரு லீவு மாதிரி இருக்கும்ல." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏரியில் நாலு பேர் போகிற போட்டுக்குச் சீட்டு வாங்கினோம். "நான் இங்கயே நிக்கிறேன் மேடம்" என்று அக்கா மகளின் ஷூவை வாங்கிக்கொண்டார். அம்மா போட்டில் ஏறவில்லை. அவளும் கரையிலேயே நின்றாள்.

அன்று ராத்திரி கேட்டாள்: "அவளுக்கு எப்ப லீவு?"

"இதுவே லீவுதானேம்மா."

"அவங்களும் இப்படித்தான் சொன்னாங்க."

எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆபீசில் ஆன்கால் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் லேப்டாப் தோளில் தொங்கும். அலாரம் ஒரு தடவைகூட அடிக்காமல் போகலாம், ஆனாலும் அது வேலைதான், அதற்குக் காசு உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 189, கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: கூப்பிட்டால் வரவேண்டும் என்று காத்திருக்கும் நேரமும், சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமே. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஐரோப்பாவில் 'ஓ பேர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இளம்வயதினர் வேறு நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மொழி கற்பார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் 'சரிசமமாக' என்று பொருள். ஜெர்மனியில் வாரத்துக்கு 30 மணி நேரம்தான் உச்சவரம்பு. வருடத்துக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அங்கேயும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவளுக்கு அது லீவா வேலையா என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் அதைக் கேட்பதற்கு அவளுக்கு ஒரு விதி இருக்கிறது.

நம் ஆயாக்களுக்கு அது இருந்ததில்லை. வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்களைக் கூட்டிப் போயின. லண்டனில் இறங்கியதும் திரும்பிவரச் செலவுக்குக்கூட வழியில்லாமல் விடப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்குவதற்கென்றே ஹாக்னியில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 2022இல்தான் அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள். கொடைக்கானலும் அப்படித்தான். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டினார்கள். ரோடு வருவதற்கு முன்னால் துரைமாரும் பிள்ளைகளும் ஆள் சுமந்துதான் மலையேறினார்கள். மலை யாருக்கு லீவு, யாருக்குச் சுமை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்கக்கா. எங்க வேணும்னாலும் சுத்திப் பாருங்க. காசு நான் தர்றேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மேடம், நான் கீழ போயிட்டு வரவா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு, மூன்று மணி நேர பஸ் பயணத்தில் அவருடைய மகள் இருக்கிறாள். முழுப்பரீட்சை லீவு வேறு. குளிருக்காக நாங்கள் மேலே வந்தோம். அவருடைய லீவு கீழே, வெயிலில் இருந்தது.

அந்த இரண்டு நாளும் எங்களுக்கு வேலையாகவே போயின. மகள் எதைக் கொடுத்தாலும் சாப்பிட மறுத்தாள். ஒருவழியாக அம்மாவை போட்டில் ஏற்றினோம். ஐந்து நிமிஷத்தில் இரண்டு கையாலும் போட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும், கரைக்கு விடச் சொல்லு" என்றாள். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயமாம். "அப்ப கரையில நின்னதும் நல்லதுக்குத்தான்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பயம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளக்கூட அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது போனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அக்காவின் வேலை நாட்கள், லீவு நாட்கள், நாங்கள் வெளியூர் போனால் அதற்குத் தனிப் படி. எங்கள் மகள் தூங்கும் நேரத்தில் அவருடைய மகள் யார் பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்பதற்கு அதில் இடமில்லை.

சொன்ன நாளில் சாயங்காலம் அக்கா திரும்பி வந்தார். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நடுங்கியபடியே அம்மாவிடம், "கீழ என்னா வெயிலுங்கிறீங்க, கொளுத்துதும்மா" என்றார். அதை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.