கொட்டிலுக்கு முன்னால்

2014 ஆம் ஆண்டு செப்டெம்பரில், கிளிநொச்சி தருமபுரத்துக்கு உட்பக்கமாக ஒரு வளவில், யாரும் குடியிருக்காத கொட்டிலுக்கு முன்னால் ஒரு தாயையும் மகளையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். கொட்டிலுக்குள் விறகு அடுக்கியிருந்தது, மூலையில் கோழிக்கூடு. அவர்கள் குடியிருந்த வீடு எனக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்றது. அந்த வீடு படத்தில் விழக்கூடாது என்பதற்காகவே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். படத்துக்குக் கீழே "இன்றும் தறப்பாள் கொட்டிலில் வாழும் குடும்பம்" என்று எழுதியதும் நான்தான்.

"தம்பி, வீட்டுக்கு முன்னால நிண்டு எடுப்பமே?" என்று அந்த அக்கா கேட்டார். வீட்டுக்குச் சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று. பூச்சு இல்லை, கதவு, யன்னல் வந்து ஒரு மாதம்தான். அதைக் காட்ட அவருக்கு ஆசை. "வீடு தெரிஞ்சா காசு தரமாட்டினம் அக்கா" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. உதவி வாங்குகிற இடத்தில் நிற்பவர் மறுபேச்சுப் பேசமாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

காசில் நான் களவு செய்யவில்லை. வந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. அந்தப் படத்தால் வந்த காசில் மகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம், மிச்சத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கணக்கு நேராக இருந்தது. அந்த நேரான கணக்கைக் காட்டித்தான் மற்ற எல்லாவற்றையும் எனக்கு நானே மறைத்துக்கொண்டேன்.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் ஐந்து பேர் சேர்ந்து இந்த உதவி வேலையைத் தொடங்கினோம். பெயர்கூட வைக்கவில்லை. கனடாவில் ஒருவருடைய தகப்பன் தவறி 31 ஆம் நாள். லண்டனில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். சுவிஸில் ஒரு கலியாணம். "வீட்டில நூறு பேருக்குச் சாப்பாடு குடுக்கிறதைவிட ஊரில ஒரு குடும்பத்துக்குக் குடுப்பம்" என்று நினைக்கிற நல்ல மனிதர்கள் அவர்கள். கிராம சேவையாளரிடம் பெயர்ப்பட்டியல் வாங்கி, வீடுவீடாகப் போய்ப் பார்த்து, உலர் உணவுப் பொதியோ கற்றல் உபகரணமோ சைக்கிளோ கொடுப்போம். கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு படம் அனுப்புவோம். ஆரம்பத்தில் அது அத்தாட்சி மட்டும்தான்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். சிரித்துக்கொண்டு நிற்கிற படம் போட்டால் நாலு பேர் வாழ்த்துவார்கள். அழுத முகம், கிழிந்த தறப்பாள், காலில் செருப்பில்லாத பிள்ளை என்று போட்டால் அன்றிரவே வட்ஸ்அப்பில் மூன்று நாட்டிலிருந்து கேள்வி வரும். அடுத்த முறை போகும்போது என் கண் அழுத முகத்தைத் தேடத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் எங்கள் படம் வந்தது. ஒரு கோயில் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஊருக்குள் போகும்போது "உதவி செய்யிற தம்பி" என்று ஆட்கள் எழும்பி நிற்பது இன்னும் பிடித்திருந்தது.

அந்த அக்காவின் உண்மையான கஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் அவருக்கு 550,000 ரூபா கிடைத்தது. அது ஒரேயடியாக வராது. அத்திவாரம் போட்டுக் காட்டினால் ஒரு பகுதி, சுவர் எழுப்பிக் காட்டினால் இன்னொரு பகுதி என்று கட்டம் கட்டமாக வங்கிக்கணக்குக்கு வரும். கட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டினால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் என்ன விலைக்குப் போகும்? கூரையோடு காசு முடிந்துபோன வீடுகள் வன்னியில் எத்தனையோ. கணவரை 2009 மாசியில் செல்லடியில் பறிகொடுத்த அந்தப் பெண், கதவுக்கும் யன்னலுக்கும் நுண்கடன் எடுத்தார். ஐந்து பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கிற குழுக்கடன். கிழமைக்கு ஒருநாள் கடன் அறவிடுகிற பெடியன் மோட்டார் சைக்கிளில் படலையடிக்கு வந்து நிற்பான். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், அதைக் கட்டக் காதில் கிடந்தது.

படம் எடுத்து முடிந்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, சைக்கிள் இருக்கட்டும். இந்த லோனுக்கு ஏதும் வழி பண்ணேலுமோ?"

பார்ப்போம் என்றேன். பார்க்கவில்லை. கடனை எப்படிப் படம் எடுப்பது? ஒரு கொப்பியில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்து யார் கண்ணீர் விடுவார்கள்? ஓடு போட்ட வீட்டுக்குள் இருக்கிற பெண் கடன்காரி என்று எழுதினால், "கடன் எடுக்கச் சொன்னது ஆர்?" என்று கேட்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன். ஒருவரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

சைக்கிள் தேவையில்லாத பொருள் என்று சொல்லவரவில்லை. பாடசாலைக்கு அந்தப் பிள்ளை நடந்த தூரம் நீளம். ஆனால் வன்னி முழுவதும் எங்களைப் போன்றவர்கள் கொடுத்த சாமான்களை நினைத்துப் பாருங்கள்: பொதி, சைக்கிள், ஆடு, கோழிக்குஞ்சு, தையல் இயந்திரம். எல்லாமே இரண்டு கையால் நீட்டி, இரண்டு கையால் வாங்கி, நடுவில் பதாகை பிடித்துப் படம் எடுக்கக்கூடியவை. நாங்கள் முதலில் உதவிக்காகப் படம் எடுத்தோம். பிறகு படத்தில் வரக்கூடிய உதவியைச் செய்தோம்.

இதைவிடப் பாரமான ஒன்றைச் சொல்லவேண்டும். விசுவமடுப் பக்கம் ஒருவர், முள்ளந்தண்டில் செல்துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர். அப்படிப்பட்டவர்களுக்குப் படுக்கைப்புண்ணிலிருந்தே சாவு வரக்கூடும். புரள முடியாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்த, தோல் செத்து, உள்ளே கிருமி போகும். நோவு தெரியாதபடியால் புண் பெருத்த பிறகுதான் மணத்தில் தெரியவரும். அவர் கேட்டது ஒரு தண்ணீர் மெத்தையும், மாதாமாதம் சிறுநீர்ப் பையும்தான். தரலாம், ஒரு படம் மட்டும் வேண்டும் என்றேன். "படம் வேண்டாம் தம்பி. என்ர பிள்ளையள் வெளியில படிக்குதுகள்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. பட்டியலில் அவருடைய பெயரைக் கீழே இறக்கினேன். படத்துக்குச் சம்மதித்த வேறொருவருக்கு மெத்தை போனது. எட்டு மாதம் கழித்து வேறு ஆட்கள் அவருக்கு மெத்தை கொடுத்தார்கள். அதற்குள் புண் எலும்பைத் தொட்டிருந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் கிடந்து உயிர் தப்பினார். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

நானும் முகாமில் இருந்தவன். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில், இராமநாதன் பகுதியில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே நின்ற 2 இலட்சத்துக்கும் அதிகமான சனத்தில் ஒருவன். தண்ணீர் பவுசருக்கு வாளியோடு வரிசையில் நிற்கும்போது வெள்ளை வாகனங்களில் ஆட்கள் வருவார்கள், கமெரா தூக்குவார்கள். ஒருநாள் என் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "குளிச்சு நாலு நாள், இந்தக் கோலத்தில ஏனடா எடுக்கிறாங்கள்" என்றார். ஐந்து வருடம் கழித்து அதே கமெராவை நான் தூக்கினேன். மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். அம்மா சொன்னது ஞாபகத்தில் இருந்தது. நான் செய்வது வேறு, இது எங்கள் சனத்துக்காக என்று நினைத்தேன்.

பிறர் அறியச் செய்வதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. 2011 ஜூலையில், தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்த ஒரு கூட்டம் ஏ9 வீதியால் கிளிநொச்சியைக் கடந்து போனது. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்க்கிறோம் என்று சொல்லிச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்தார்கள். வீதியோரம் நின்று பார்த்தேன். கால் கொப்பளித்து நொண்டி நொண்டிப் போனவர்களும் இருந்தார்கள். காசு சேர்ந்தது, ஆஸ்பத்திரி எழும்பியது. 2016 இல் அதே பாதையைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக நடந்தார்கள்; கிரிக்கெட் வீரர் மகேல ஜயவர்தனவும் நடந்தார். அவர்களுக்குப் பின்னால் பெரிய கம்பனிகள் இருந்தன, எங்களுக்கு இல்லை. அது உண்மை. ஆனால் ஊர் பார்க்கவேண்டும் என்றால் தங்கள் காலைக் காட்டினார்கள். நான் காட்டியது அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை.

கொட்டில் படத்தில் நின்ற பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது 2017 வைகாசியில், வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலில்தான் எனக்குத் தெரியவந்தது. சனத்துக்குள் அந்த அக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். ரியூசனில் ஒரு பெடியன் போனில் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறான். அன்றிலிருந்து அவள் சைக்கிளைத் தொடவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கும் நடந்தே போனாள். "சைக்கிளுக்குக் குறை சொல்லேல்லைத் தம்பி. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றார் அவர். என் பக்கத்திலிருந்து அன்றே அழித்தேன். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்த படம் அது. கடைசியாக அதைக் கண்டது வேறு யாரோ காசு சேர்த்த இடத்தில், வேறொரு வங்கிக் கணக்கிலக்கத்தோடு.

அதோடு திருந்தினேன் என்று எழுதத்தான் விருப்பம். 2018 மார்கழி 21 இரவு கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறபட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை எல்லாம் தண்ணீருக்குள். சனம் பாடசாலைகளில் இருந்தது. உடுப்பு இல்லை, பால்மா இல்லை. காசு உடனே வேண்டும். ஒரு வகுப்பறை மூலையில் லஞ்ச்சீற்றை மடியில் வைத்துச் சோறு தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையை, தாயிடம் கேட்காமல், படம் எடுத்துப் போட்டேன். மூன்று வருடத்தில் சேராத காசு மூன்று நாளில் சேர்ந்தது. அந்தக் காசால் எத்தனையோ குடும்பத்துக்குப் பாயும் பாத்திரமும் கொடுத்தோம். அந்தப் படம் இல்லாவிட்டால் அவ்வளவு வந்திராது. இந்தக் கணக்குக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. விடை இல்லை என்பதற்காகச் செய்தது சரியாகிவிடவும் இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு, 2014 இல் அந்தச் சைக்கிளுக்குக் காசு அனுப்பிய அம்மாவுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். ரொறன்ரோவில் இருப்பவர், தகப்பனின் நினைவாக அனுப்பியவர். வீடு இருந்தது, மறைத்தேன், கடன் இருந்தது, சொல்லவில்லை என்று எல்லாம் எழுதினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவு வந்தது. "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. என்ர அப்பா கடன்பட்டுத்தானே எங்களை வெளியில அனுப்பினவர். கடன் எண்டா எனக்கு விளங்காதோ?"

காசு அனுப்புகிற மனிதர்களைப் பற்றி எவ்வளவு கீழாக நினைத்து வைத்திருந்தேன்! கொட்டிலுக்கு முன்னால் நிறுத்திய பெண்ணுக்குச் செய்தது ஒரு பிழை. காசு அனுப்பியவரை, கண்ணீர் காட்டினால்தான் கொடுப்பவர் என்று எண்ணியது இன்னொரு பிழை. அந்தக் கடனுக்கு வழியும் பிந்தித்தான் வந்தது. 2018 ஓகஸ்டில் அரசாங்கம், வரட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, அந்த அக்கா நகை விற்று முழுவதையும் கட்டி முடித்திருந்தார்.

2019 தையில் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு இப்போது பூசி, வெள்ளையடித்து, முன்னால் செவ்வரத்தை நின்றது. கொட்டில் இன்னும் இருந்தது. சைக்கிள் அதில் சாத்தியபடி, கம்பியெல்லாம் துருப்பிடித்து. நான் சொல்லவந்ததைச் சொன்னேன். அக்கா, "அதை விடுங்கோ தம்பி, பழைய கதை" என்றார். மகள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள்.

"மாமா, நாங்கள் ஏழையள் எண்டு போட்டது எனக்குப் பிரச்சினை இல்லை," என்றாள். "நாங்கள் கொட்டிலில இருக்கிறம் எண்டு ஏன் போட்டனீங்கள்? இந்த வீட்டுக்கு அம்மா தானே கல்லரிஞ்சவ. நான் பள்ளிக்கூடத்தால வந்து தண்ணி அள்ளி ஊத்தினனான்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவள் பதிலுக்குக் காத்து நின்றாள்.

"அவரை விடு பிள்ளை," என்றார் தாய். "குடியுங்கோ தம்பி, தேத்தண்ணி ஆறுது."