யாருடைய நாய்?

போன கிழமை தரம் 8 பிள்ளைகளுக்கு நூலகப் பாடவேளை. நான் ஆங்கில டீச்சர்தான், ஆனாலும் கதை சொல்வதென்றால் தமிழில்தான் சொல்வேன். அப்போதுதான் கடைசி வாங்கும் காது கொடுக்கும்.

அன்று சொன்னது வில்சன் ரோல்ஸ் 1961இல் எழுதிய 'வேர் த ரெட் ஃபேர்ன் குரோஸ்'. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், மலைக்காட்டு ஏழை வீட்டுப் பிள்ளை பில்லி. அவனுக்கு இரண்டு வேட்டை நாய்கள் வேண்டும். வீட்டில் காசில்லை. மீன் பிடிக்க வருபவர்களுக்கு நன்னீர் இறாலும் மரக்கறியும் விற்கிறான், காட்டுப் பழம் பறித்து விற்கிறான். பேக்கிங் பவுடர் தகரத்தில் சதம் சதமாகச் சேர்க்கிறான். 50 டொலர் சேர இரண்டு வருடம். பிறகு யாருக்கும் சொல்லாமல் வெறுங்காலோடு பட்டணத்துக்கு நடந்துபோய்க் குட்டிகளைத் தூக்கி வருகிறான்.

இந்த இடத்தில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், அவங்க வீட்டுல நாய் உள்ளுக்கு வருமா? அப்ப தொழுகைக்கு என்ன செய்யிற?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜன்னலோரம் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகு மெதுவாக வந்தான்.

"டீச்சர், அந்த நாய்கள் சாகுமா?"

"ஏன் மகன்?"

வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கம், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு நாய் இருக்கிறதாம். தன் பாணில் பாதியை தினமும் அதற்குத்தான் கொடுக்கிறானாம். "உம்மாவுக்குச் சொல்லிடாதீங்க டீச்சர்."

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் என்னுடைய கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தோம். அங்கே ஒரு மண்ணிற நாய். பிரவுனி என்று நான்தான் பெயர் வைத்தேன். ஓதப்பள்ளி விட்டு வரும்போது ரோஸ்பாண் ஓரத்தைப் பிய்த்துப் போடுவேன். தொட்டதில்லை. பயம் நாய்க்கு அல்ல, வீட்டுக்கு.

தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை நம் நாட்டில் வந்தது 2006இல். அதற்கு முந்திய காலம் அது. நாய் பிடிக்கிற லொறி வந்தால் ஒழுங்கையே கதவைச் சாத்திக்கொள்ளும். அன்று சுருக்குக் கம்பியோடு இறங்கியவர், என் காலடியில் நின்ற பிரவுனியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மே பல்லா காகெத?" இந்த நாய் யாருடையது?

வாசலில் வாப்பா நின்றார். நான் வாப்பாவைப் பார்த்தேன். "தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான். லொறி போய்விட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு, டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொன்றில் ரோல்ஸின் புத்தகம் கிடைத்தது. கடைசி அத்தியாயங்களில் மலைச்சிங்கத்திடமிருந்து பில்லியைக் காப்பாற்றி, காயத்தால் ஓல்ட் டான் சாகிறது. லிட்டில் ஆன் சாப்பாட்டை விட்டு, அதன் கப்ரடியிலேயே உயிரை விடுகிறது. நான் அழுத அழுகையைப் பார்த்து வாப்பா பயந்தே போனார். அன்றுதான் பிரவுனியின் கதையைச் சொன்னேன்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் மகள். நீங்க எங்கட நாயெண்டு சொல்லுவீங்களெண்டு பார்த்துக்கொண்டு நிண்ட. நானும் சொல்லல்லதானே."

வாப்பா மௌத்தாகிவிட்டார். அந்த "நானும்" இன்னும் என்னோடு இருக்கிறது.

நாம் ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்தவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, இன்றும் அப்படித்தான் செய்வேன். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதுகிற சூரத்துல் கஹ்ஃபில், குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருப்பதும் ஒரு நாய்தான். குகைவாசிகள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கிக்கும்போதும் ஒவ்வொரு கணக்கிலும் அந்த நாய் சேர்க்கப்படுகிறது. தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலணியில் தண்ணீர் அள்ளி வந்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸும் நம்மிடம்தான் இருக்கிறது. ஏழு தரம் கழுவுவதை எனக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்தார்கள். இவற்றை நானாகத் தேடித்தான் படித்தேன்.

ரோல்ஸைப் பற்றியும் ஒன்று. தன் எழுத்துப்பிழைகளுக்கு வெட்கப்பட்டு, கலியாணத்துக்கு முன் எழுதிய எல்லாவற்றையும் எரித்துவிட்டார். மனைவி சோஃபி திரும்ப எழுதச் சொன்னதால் மூன்று கிழமையில் மறுபடி எழுதியதுதான் இந்தப் புத்தகம். சிவப்புப் பேனை எடுக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

அந்தப் பிள்ளையிடம் மூன்று விசயம் சொன்னேன். பாணைத் தூரத்தில் வை, சாப்பிடும் நாயின் முகத்துக்குக் கை கொண்டுபோகாதே, தண்டவாளத்தைக் கடக்காதே. கடித்தாலோ கீறினாலோ மறைக்காதே. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விசர்நாய்க்கடிக்கு ஊசி இலவசம். மூன்றாவது, உம்மாவுக்கு நான் சொல்லமாட்டேன், நீயே சொல்ல வேண்டும். தனியாகச் சொல்லப் பயமென்றால் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

"கடிச்சாச் சொல்றன் டீச்சர். மத்தது யோசிக்கிறன்."

இன்னும் சொல்லவில்லை. புத்தகம் இப்போது அவனிடம்தான் இருக்கிறது. கடைசி அத்தியாயங்களைத் தனியாக வாசிக்காதே, ஒன்றாக வாசிப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் பாண் கொஞ்சம் கூடுதலாகச் செலவானால் ஏசுவதற்கு முன் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், முதலில் நீங்கள் பேசுங்கள்.