தொண்ணூறில் நாற்பத்திரண்டு

எங்கள் ராத்தா எத்தனையாம் வருஷம் படிக்கிறார் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். பதிவு செய்து மூன்று வருடமாவதால் வாப்பாவுக்கு அது மூன்றாம் வருஷம். உம்மாவுக்கு எப்போதும் "முடியப் போகுது". தொடக்க நிலைப் பாடம் ஒன்று இன்னும் மிச்சம் இருப்பதால் தம்பி "ஃபர்ஸ்ட் இயர்" என்று சீண்டுவான். ராத்தா மட்டும் "90 இல் 42" என்பார்.

காலையில் அவர் பாலர் பாடசாலை ஆசிரியை. மற்ற நேரத்தில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழக மாணவி. வகுப்பு, பரீட்சை என்றால் கிளிவெட்டியில் பஸ் ஏறி மட்டக்களப்பு நிலையத்துக்குப் போவார். உம்மாவின் காலத்தில் வெருகல் ஆற்றைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். இப்போது பாலம் இருக்கிறது.

42 என்ன கணக்கு என்று ஒருநாள் கேட்டேன். நாட்டின் தகைமைச் சட்டகத்தில் சாதாரண தரம் 1ஆம் நிலை, உயர்தரம் 2ஆம் நிலை. ஆகவே பட்டப்படிப்பின் முதல் படியே 3ஆம் நிலை. 4, 5 என்று ஏறினால் பட்டம். நிலைக்கு 30 கிரெடிட், மொத்தம் 90. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வீட்டில் வாசிப்பதும் ஒப்படை எழுதுவதும் அதற்குள் அடக்கம். முழுநேரம் படிப்பவர் வருடத்துக்கு 30 எடுப்பார். ராத்தா போன்றவர்கள் காசும் நேரமும் இடம் கொடுக்கும் அளவுக்கு எடுப்பார்கள். பெருக்கிப் பார்த்தேன்: 2,100 மணித்தியாலம். பாதிக்கு மேல் இஷாவுக்குப் பிறகு குசினி மேசையில் கழிந்தவை.

போன வருடம் ராத்தாவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. "மகள் எத்தனையாம் வருஷம்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்க, உம்மா முந்திக்கொண்டு "மூணாம் லெவல்" என்றார். பொய் இல்லை. ஆனால் அவர்கள் முகம் மலர்ந்த விதத்தில், பட்டமும் ஆசிரியர் நியமனமும் வாசலில் நிற்பதாக எண்ணிவிட்டார்கள் என்று தெரிந்தது. ராத்தா தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, "மாமி, மூணாம் லெவல் எண்டா முதலாம் வருஷப் பாடம். முடிக்க இன்னும் நாலு வருஷமாவது போகும்" என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பிறகு செய்தியே இல்லை.

"பேசாம இருந்திருக்கலாமே" என்று உம்மா குறைப்பட்டார்.

"நிக்காஹ் முடிஞ்ச பிறகு கேட்டா யாரு பதில் சொல்லுற?"

உயர்தரம் எழுதப் போகும் எனக்கும் இப்போது அறிவுரைகள் வருகின்றன. இசட் புள்ளி போதாவிட்டால் "ராத்தா மாதிரிப் படிக்க வேண்டியதுதான்" என்கிறார்கள், ஏதோ தண்டனை போல. எனக்கு அது பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் 36 பேரும் ஒரே நாளில் வகுப்பேறுகிறோம். படித்தவளும் ஏறுவாள், படிக்காதவளும் ஏறுவாள். ராத்தாவை அப்படி யாரும் ஏற்றிவிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பரீட்சை. தம்பி சீண்டும் அந்த மிச்சப் பாடம்தான், 3 கிரெடிட். சித்தியடைந்தால் 45, சரி பாதி. விடியற்காலை பஸ்ஸுக்கு டோர்ச் பிடித்து வழியனுப்புவது இந்த முறை தம்பியின் வேலை என்று உம்மா சொல்லிவிட்டார்.