வேனே வீடாயிற்று

மேலைநாடுகளில் படுக்கையும் அடுப்பும் அமைந்த வண்டிகளில், கடுங்குளிரிலும் குடும்பங்கள் நெடும்பயணம் செல்வதுண்டு. கள்ளிக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு வாடகை வேனே அத்தகைய வீடாயிற்று.

பக்கவாதத்தால் நடை இழந்த அப்பா, மார்கழியில் வேளாங்கண்ணிக்குச் செல்ல விரும்பினார். அம்மா இசையவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்கரையில் திருப்பயணிகள் பலரை வாரிச் சென்றது. அதன்பின் கிறிஸ்து பிறப்பு நாட்களில் அங்குச் செல்வதையே அம்மா தவிர்த்து வந்தார்.

"இந்த உடம்போடு எப்படி வருவீர்கள்?" என்றார்.

"படுத்துக்கொண்டே வருகிறேன்" என்றார் அப்பா.

பின்னிருக்கைகளைக் கழற்றி மெத்தை விரித்தோம். அடுப்பு, அரிசி, கம்பளி, மருந்துகள், சக்கர நாற்காலி யாவும் ஏறின. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை ஒரே மூச்சில் கடக்க அப்பாவால் இயலாது. ஆகவே கோணான்குப்பம், ஏலாக்குறிச்சி, பூண்டி என வீரமாமுனிவரின் நினைவைத் தாங்கிய தலங்களில் தங்கிச் செல்லத் தீர்மானித்தோம். பனி மூடிய பின்னிரவில் வண்டி ஓட்டுவதில்லை என்று ஓட்டுநரும் வாக்களித்தார்.

புறப்படும் வேளையில், பூட்டிய கதவருகே அம்மா தயங்கி நின்றார். அப்பா தம் இடக்கையை நீட்டினார். அசையும் கை அது ஒன்றே.

"ஆலயத்தோடு திரும்பிவிடுவேன், கடலோரம் வரமாட்டேன்" என்று கூறி ஏறிய அம்மா, அவர் தலைமாட்டில் அமர்ந்து செபமாலையை எடுத்தார்.

அன்பர்களே, அப்பா நலம் பெறுவாரா என்பதை நாங்கள் அறியோம். ஆயினும் அவரைத் தனியே விட்டுச் செல்லாமல் ஒரே குடும்பமாய்ப் புறப்பட்டோம். அந்த நிறைவு எங்களுக்குப் போதுமானதாய் இருந்தது.