சூனியம் எந்தப் புத்தகத்தில்?

"மௌலவி, இந்தப் புள்ள ராவு பகலா இதைத்தான் கையில வச்சிட்டு இரிக்கிறா. சூனியக் கதையாம். அடுப்புல போட்டுரட்டா?"

எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருவரின் தாயார், தவணை முடிவில் என் முன்னே வைத்த புத்தகம் ஹாரி பொட்டர் கதையின் முதலாம் பாகம். ஜே.கே. ரௌலிங் என்ற பிரித்தானியப் பெண்மணி எழுதி 1997இல் வெளிவந்தது. தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். வாசிக்காத புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது என்று கூறி ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டேன். பாவம், அந்தப் பிள்ளையின் முகம்தான் வாடிப் போயிற்று. பாதிக்கதையில் நின்றிருக்கிறாள் போலும்.

அதே விடுமுறையில் இன்னும் இரண்டு நூல்கள் கைக்கு வந்தன. ஒன்று, என்னோடு அரபுக் கல்லூரியில் ஓதிய நண்பர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த அரபு நாவல். மற்றது, சுகவீனமுற்றிருந்த ஒரு சகோதரியின் கட்டிலருகே கிடந்த தன்னம்பிக்கை நூல். மாயக் கதை, திகில் கதை, முன்னேற்ற நூல் என்று மூன்று வகை. நம் வீட்டுப் பெண்கள் இப்போது அதிகம் வாசிப்பவையும் இவைதாம். ஆகவே என் மனதில் பட்டதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஸிஹ்ர் பெரும் பாவங்களில் ஒன்று. அதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் ஸிஹ்ர் செய்வது ஒன்று, அதைப் பற்றிய கற்பனைக் கதை இன்னொன்று. இந்தப் புத்தகத்தில் யாரும் ஜின்னை அழைப்பதில்லை, எவருக்கும் பலியிடுவதில்லை. நம் பிள்ளைகள் கவராயப் பெட்டி கொண்டு போவது போல அந்தப் பிள்ளைகள் கோலொன்றைக் கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள். நான் அந்த மாணவியை அழைத்து, "இந்தக் கோல் உன்னிடம் இருந்தால் கணிதப் பரீட்சையில் சித்தியடைவாயா மகள்?" என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கதைதானே சேர்" என்றாள். அந்தச் சிரிப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. கதை தன்னை நம்பச் சொல்லவில்லை, பிள்ளையும் நம்பவில்லை.

நம் ஊர்களில் கதைப் புத்தகத்தைக் கண்டு அஞ்சும் வீடுகள் சில, பிள்ளை இரவில் பயந்து அழுதால் நூல் கட்டவும் தேசிக்காய் வெட்டவும் ஆள் தேடிப் போகின்றன. அங்கே மட்டும் யாரும் என்னிடம் தவணை தருவதில்லை!

இனிக் கதையைப் பாருங்கள். அதில் ஒரு கல் வருகிறது. எந்த உலோகத்தையும் பொன்னாக்கும். அதிலிருந்து கிடைக்கும் நீரைக் குடித்தால் சாவு அணுகாது. அல்கீமியா என்று ஜாபிர் இப்னு ஹய்யான் போன்றோரின் பெயரோடு நாங்கள் படித்த அதே ரஸவாதம்தான். கதையின் முடிவில் அந்தக் கல் அழிக்கப்படுகிறது. அறுநூறு ஆண்டுக்கும் மேலாக அதனால் வாழ்ந்த கிழவரும் அவருடைய மனைவியும் மரணத்தை ஒப்புக்கொள்கிறார்கள். இன்னோரிடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி வருகிறது. பார்ப்பவரின் ஆழ்மன ஆசையை அது காட்டும். தாய் தகப்பனை இழந்த அந்தப் பதினொரு வயதுச் சிறுவன் அதில் அவர்களைக் காண்கிறான். மறுநாள் இரவும் போய் உட்காருகிறான், அதற்கடுத்த இரவும் போகிறான். தலைமை ஆசிரியர் அதைக் கண்டு, இதன் முன்னே உட்கார்ந்தே வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் உண்டு என்று எச்சரித்துக் கண்ணாடியை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார். யதீம் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பகுதியை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

ஆசிரியன் என்ற முறையில் ஒரு முறைப்பாடும் உண்டு. வருட இறுதியில் ஓர் இல்லம் 472 புள்ளியோடு முன்னிலையில் நிற்கிறது. கதாநாயகனின் இல்லத்துக்கு 312. விருந்து மண்டபத்தில் எல்லோரும் அமர்ந்த பிறகு தலைமை ஆசிரியர் எழுந்து 50, 50, 60, 10 என்று அள்ளிக் கொடுத்து அவர்களை வெல்ல வைக்கிறார். எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் அதிபர் இப்படிச் செய்திருந்தால் பெற்றோர் சும்மா விட்டிருப்பார்களா? ஆனாலும் அந்தக் கடைசிப் பத்துப் புள்ளி, பயந்த சுபாவமுள்ள ஒரு மாணவன் தன் சொந்த நண்பர்களையே எதிர்த்து நின்றதற்குக் கிடைத்தது. அதை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

தாயாரிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "தொழுகை நேரத்தில் எடுத்து வையுங்கள், பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள், அடுப்பில் மட்டும் போட வேண்டாம்" என்றேன்.

அடுத்தது அரபு நாவல். அஹ்மத் ஸஅதாவி என்ற ஈராக்கியர் 2013இல் வெளியிட்ட 'பக்தாதில் ஃபிராங்கன்ஸ்டைன்'. 2014ஆம் ஆண்டில் அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. நஹ்வும் ஸர்ஃபும் படிப்பித்த எங்கள் உஸ்தாத்மார் பக்தாத் தெருப் பேச்சைப் படிப்பிக்கவில்லை. ஆகையால் உரையாடல்களில் நான் பல இடங்களில் தடுக்கி விழுந்தேன். இருந்தும் கீழே வைக்க முடியவில்லை.

2005ஆம் ஆண்டின் பக்தாத். நாளொரு குண்டு வெடிக்கிறது. ஹாதி என்ற பழைய சாமான் வியாபாரி தன்னோடு தொழில் செய்த நண்பரைக் குண்டுவெடிப்பில் இழக்கிறார். பிரேத அறையில் உடல்கள் கலந்து கிடக்கின்றன, யாருடையது எது என்று தெரியவில்லை. அதன் பிறகு தெருவில் சிதறிக் கிடக்கும் உறுப்புகளைப் பொறுக்கி வந்து ஒன்றாகத் தைக்கிறார். எதற்காக? குப்பையோடு குப்பையாக அவை போய்விடக் கூடாது, முழு உடலாக இருந்தால் மனிதனுக்குரிய மரியாதையோடு அடக்கம் செய்வார்கள் என்பதற்காக. குண்டில் மாண்ட ஒரு காவலாளியின் உயிர் அந்த உடலில் புகுந்துவிட, அது எழுந்து நடக்கிறது. அதற்குப் பெயர் கூட இல்லை. 'அதென்ன பேரு' என்று பொருள்படும் பேச்சுச் சொல்லால்தான் ஹாதி அதைக் குறிப்பிடுகிறார். தன் உறுப்புகளுக்கு உரியவர்களைக் கொன்றவர்களைத் தேடிப் பழி தீர்க்கிறது. ஒவ்வொரு பழி தீர்ந்ததும் அதற்குரிய உறுப்பு அழுகி விழுகிறது. புதிய உறுப்பு தேவைப்படுகிறது. கடைசியில் குற்றவாளிகளின் சதையும் உடலில் ஒட்டிக்கொள்கிறது, குற்றமற்றவர்களின் உயிரும் போகிறது.

இருட்டில் சத்தம் கேட்பதும் கதவு தானாகத் திறப்பதுமான திகில் கதைகள் எனக்கு ஒரு பொருட்டல்ல. பாதிப் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும். இது அப்படியல்ல. இதில் வரும் உம்மு தானியேல் என்ற கிறிஸ்தவ மூதாட்டியின் மகன் ஈரான் யுத்தத்துக்குப் போனவன், உடல் வந்து சேரவில்லை. இருபது வருடமாகியும் மகன் மௌத்தாகிவிட்டான் என்பதை அவள் ஏற்கவில்லை. தைத்த உடல் வாசலில் வந்து நின்றபோது மகன் வந்துவிட்டான் என்று உள்ளே அழைத்து, அவனுடைய உடுப்பை எடுத்துக் கொடுக்கிறாள். அதை வாசிக்கும்போது எங்கள் கரையோரத்துத் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். சுனாமியில் காணாமற் போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2005இல் விசேட சட்டமே வந்தது. ஆனாலும் பிள்ளையின் மரணச் சான்றிதழை எடுக்க மாட்டேன் என்று நின்ற தாய் ஒருவரை எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் தானே பிள்ளையை மௌத்தாக்கியதாகிவிடும் என்றார்.

ஒரு பைத்தியக்காரன் சதைத் துண்டுகளைத் தைக்கிறான் என்று கேட்டால் அருவருப்பாக இருக்கும். நம் நாட்டில் 2020 மார்ச் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மரணித்தவர்களை அடக்க அனுமதி இருக்கவில்லை. எரித்தார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு மண்ணில் வைக்க வழியின்றி வாசலில் நின்ற குடும்பங்களுக்கு ஹாதி செய்ததை விளக்கத் தேவையில்லை. பின்னர் ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது. சிலருக்கு அதுவும் தாமதம்.

சிறு பிள்ளைகள் கையில் இந்த நாவலைக் கொடுக்காதீர்கள். கொலைகளும் கூடாத காரியங்களும் வருகின்றன. பெரியவர்கள் வாசிக்கலாம்.

மூன்றாவது நூலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்காக மஹரகமவுக்குப் போய்வரும் அந்தச் சகோதரியைச் சுகம் விசாரிக்க என் மனைவியுடன் போயிருந்தேன். வெளிநாட்டிலுள்ள மகன், உம்மாவுக்குத் தைரியம் வரட்டும் என்று அனுப்பிய புத்தகம் பக்கத்தில் கிடந்தது. ரொண்டா பேர்ன் எழுதி 2006இல் வெளிவந்த நூல், தமிழில் 'இரகசியம்'. பேச்சுக்கிடையில் அவர் குரலைத் தாழ்த்தி, "மௌலவி, நான் கெட்டதை நினைச்சதாலதானா எனக்கு இந்த வருத்தம் வந்த?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகத்தை இரவல் வாங்கி வந்து வாசித்த பிறகே புரிந்தது.

நாம் எதை நினைக்கிறோமோ அதுவே நம்மை வந்தடையும் என்பதுதான் நூலின் ஒரே செய்தி. கேள், நம்பு, பெற்றுக்கொள் என்று மூன்று படிகள். பிரபஞ்சம் ஒரு விலைப்பட்டியல் புத்தகம் போன்றது, விரும்பியதைத் தெரிவு செய்தால் வந்து சேரும். அலாவுதீனின் விளக்குப் பூதத்தை உதாரணம் காட்டி, அது போலப் பிரபஞ்சம் நம் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்கிறார்கள். (அரபுப் படித்தவன் என்பதால் ஒரு சிறு திருத்தம்: அலாவுதீன் கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் கிடையாது. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709இல் சொல்ல, கல்லான் என்ற பிரெஞ்சுக்காரர் சேர்த்துக்கொண்டது. அந்தக் கதையிலும் விளக்கு சூனியக்காரன் கைக்குப் போய் அலாவுதீன் படாதபாடு படுகிறான். அதை ஏனோ இவர்கள் சொல்வதில்லை.)

இருப்பதை எண்ணி நன்றியோடிருங்கள் என்று இந்நூல் கூறும் பகுதி நல்லது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நல்லெண்ணத்தில் இருக்கும் உடலில் நோய் தங்காது என்று எழுதிவிட்டால், நோயாளிக்கு நோயோடு குற்றவுணர்வும் சேர்ந்துவிடாதா? இன்னும் ஒன்றைச் சொல்கிறது. பெருந்தொகையானோர் ஒரேயடியாக மாண்டுபோகும் அனர்த்தங்களில், அந்த மக்களின் நினைப்பின் அலைவரிசை அந்த அனர்த்தத்தின் அலைவரிசையோடு ஒத்துப்போயிருக்கும் என்கிறது. இந்த வரிகள் அச்சானது 2006இல். 2004 டிசம்பர் 26 காலையில் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடல் வந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளை எந்த அலைவரிசையில் நினைத்தது என்று இவர்கள் யாராவது எங்கள் ஊர்த் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்களா?

மந்திரக் கோல் வரும் கதையில் ஆசைக் கண்ணாடியை அப்புறப்படுத்துகிறார்கள், பொன் செய்யும் கல்லை அழிக்கிறார்கள். இந்தப் புத்தகமோ அந்தக் கண்ணாடியை நம் கையில் தந்து, இதன் முன்னே உட்கார்ந்திரு என்கிறது. அது 'கதைதானே' என்று சிரிக்கவும் விடுவதில்லை. நம்பினால்தான் பலிக்கும், பலிக்காவிட்டால் நம்பிக்கை போதவில்லை. எப்படிப் பார்த்தாலும் குற்றம் வாசிப்பவருடையதுதான். துஆவோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். துஆ கேட்கிறவர் அடியார், கட்டளையிடுபவரல்லர். கிடைக்காதபோது தன்னைச் சபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒட்டகையைக் கட்டாமல் தவக்குல் பேசுவதற்கும் நம்மிடம் இடமில்லை.

அந்தச் சகோதரியிடம், "நீங்க ஒன்றையும் அழைக்கவில்லை, டொக்டர் தந்த மருந்தை நேரத்துக்கு எடுங்க" என்றேன். அவர் அழுதார். என் மனைவிதான் பக்கத்திலிருந்து சமாதானப்படுத்தினார்.

முன்னேற்ற நூல்கள் எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். டேல் கார்னகி 1948இல் கவலையை விடுவது பற்றி எழுதிய நூல், வரக்கூடிய மிக மோசமானது எது என்று முதலில் கேள், அதை மனதால் ஏற்றுக்கொள், பின்பு அமைதியாக அதைத் திருத்த முயற்சி செய் என்கிறது. 'இரகசியம்' நினைக்கவே கூடாது என்று தடுப்பதை இவர் நினைக்கச் சொல்கிறார்! எகிப்தின் அறிஞர் முஹம்மத் அல்கஸ்ஸாலி அதை வாசித்துவிட்டு, நம் மார்க்க ஆதாரங்களோடு ஒப்பிட்டு 'ஜத்தித் ஹயாதக்' (உன் வாழ்வைப் புதுப்பி) என்ற நூலை எழுதினார். பிறர் எழுதியதை வாசிக்காமல் தள்ளிவிடவுமில்லை, அப்படியே விழுங்கவுமில்லை.

நம்மவர் எழுதியது என்பது மட்டும் நற்சான்றாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'லா தஹ்ஸன்' மூலம் உலகப் புகழ் பெற்ற ஆயித் அல்கர்னி, 'நிராசையடையாதே' என்று பின்னர் எழுதிய நூலில் ஸல்வா அல்உதைதான் என்ற சவூதிப் பெண் எழுத்தாளரின் நூலிலிருந்து எடுத்தாண்டதாக 2012இல் அந்நாட்டு அமைச்சின் குழுவே தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. ஒரு பெண் உட்கார்ந்து உழைத்து எழுதியது. கேட்டுப் பெற்றார், அவ்வளவுதான்.

கஸ்ஸாலியின் நூலைச் செவ்வாய்க்கிழமைகளில் அஸருக்குப் பின் பெண்கள் வகுப்பில் பத்துப் பக்கம் வீதம் தமிழில் சொல்லி வருகிறேன். மூன்று அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. அந்தச் சகோதரியும் வருகிறார், மஹரகமவுக்குப் போகும் வாரங்களில் மட்டும் அவர் இடம் காலியாக இருக்கும். அவருக்காக அன்றைய பாடத்தை என் மனைவி கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பிவிடுகிறார்.