சின்னத் தலைக்கு ஒரு தொப்பி

இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலும் இருந்தால் பொழுது இனிதாகக் கழியும் என்பதை மலைநாட்டுப் பெண்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,868 மீற்றர் மேலே இருக்கின்றது. தை, மாசி மாதங்களிற் சில இரவுகளிற் புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு. இத்தகைய ஊரிற் பின்னல் வேலை வெறும் அலங்காரக் கலையன்று. அரிசி பருப்பைப் போல வீட்டுக்கு வேண்டியதொன்று.

எங்கள் பின்னற் கூட்டத்திற் பன்னிருவர் இருக்கின்றோம். இளைப்பாறிய ஆசிரியைகள், தோட்டத்திற் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள், சில்லறைக் கடை நடத்துபவர் ஒருவர், பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த பெண்கள் இருவர். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் கலந்தே இருக்கின்றோம். சனிக்கிழமை பிற்பகல்களில் ஒருவர் வீட்டு விறாந்தையிற் கூடி, குறைமாதக் குழந்தைகளுக்கென்று தொப்பியும் காலுறையும் பின்னி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து வருகின்றோம்.

“கடையில் மலிவாகக் கிடைக்கும் தொப்பிக்கு இத்தனை பேர் இத்தனை மணி நேரம் உட்கார வேண்டுமா? பணமாகத் திரட்டிக் கொடுத்துவிட்டால் என்ன?” என்று எங்களுள் ஒருவரின் கணவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. பணம் கொடுப்பதை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. ஆயினும் கடைத் தொப்பி பெரும்பாலும் நிறைமாதக் குழந்தையின் அளவுக்கே தைக்கப்படுகின்றது. எட்டாம் மாதத்திற் பிறந்த சிசுவுக்கு அதனை அணிவித்தால் கண்ணையும் மூக்கையும் மறைத்துவிடும்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. அதன் தோலின் கீழே கொழுப்பு மிகச் சொற்பம். வளர்ந்தவர்களின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நாலிலொரு பங்கு. ஆதலால் மூடாத தலைவழியே உடற்சூடு விரைந்து வெளியேறிவிடும். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலே, இன்குபேட்டர்கள் போதாதிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், சிசுவைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் முறையை வைத்தியர்கள் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். குறைமாதக் குழந்தைகளுக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே இதனைத் தொடங்கலாமென உலக சுகாதார ஸ்தாபனம் 2022இற் பரிந்துரைத்தது. தாயின் மார்பு உடலைச் சூடாக வைத்திருக்கும். தலைக்குத் தொப்பியும் பாதத்துக்குக் காலுறையும் துணை செய்யும்.

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கியவர் வார்ட்டுத் தாதி ஒருவரே. மணி, பொத்தான், ரிபன் எதுவும் கூடாது. கழன்றால் வாய்க்குட் போய்விடும். பஞ்சுபோன்ற மயிர் நூல் கூடாது. இழை மூக்கிற் படியும். காலுறையின் உட்புறத்தில் ஒரு நூல் தளர்ந்திருந்தாலும் சிறு விரலைச் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். வெந்நீரிற் சுருங்காத பருத்தி நூலோ அக்ரிலிக் நூலோதான் வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. பூவேலையில் அவரை வெல்ல இவ்வூரில் ஆளில்லை. “அழகில்லாததைக் கொடுப்பதும் ஒரு தருமமா?” என்று கேட்டார். தாதி சிரித்துக்கொண்டே, “அம்மா, தொப்பி எப்படி இருக்க வேண்டுமென்று குழந்தையின் தலைதான் சொல்ல வேண்டும், நம்முடைய கை சொல்லக்கூடாது” என்றார். அக்கா மறுமொழி கூறவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கொண்டுவந்த தொப்பியிற் பூவும் இல்லை, மணியும் இல்லை. மாந்தளிர் நிறமும் வெண்மையும் மாறி மாறி வரும் கோடுகள் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து நாங்களும் அழகை நிறத்தில் வைத்துக்கொண்டோம்.

பின்ன விரும்பும் சகோதரிகளுக்காக அளவையும் சொல்லிவிடுகின்றோம். தலைச் சுற்றளவு 30 சென்ரிமீற்றராயின் தொப்பி 28 சென்ரிமீற்றர் இருக்கட்டும், பின்னல் இழுபடும். உங்கள் கைக்கு 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 22 கண்ணிகள் விழுமானால், 62 கண்ணிகள் போட்டு, நேர்க் கண்ணி ஒன்று, மறு கண்ணி ஒன்று என மாற்றி மாற்றி 10 சென்ரிமீற்றர் உயரம் பின்னுங்கள். பின்னர் ஒரு வரிசை முழுவதும் இவ்விரண்டு கண்ணிகளை ஒன்றாக்கி 31 ஆக்குங்கள். ஒரு வரிசை வெறுமனே பின்னி, மறுபடியும் அவ்வாறே குறைத்து, எஞ்சியவற்றினூடே நூலைக் கோத்து இறுக்கி, ஓரத்தைத் தைத்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. வசதி படைத்த ஒருவர், ஓராண்டுக்கு வேண்டிய நூல் முழுவதையும் தாமே வாங்கித் தருவதாகச் சொன்னார். நூலின் விலையோ எங்களுக்குப் பெருஞ் சுமை. ஆயினும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: தாய்மாரை வரிசையாக நிறுத்தி, அவர் கையாலே தொப்பிகளை வழங்கி, புகைப்படம் எடுக்க வேண்டும். படத்தில் என்ன நட்டம் என்றார்கள் சிலர். இரண்டு சனிக்கிழமைகள் இதனையே பேசினோம். ஊசிகள் மடியிற் கிடந்தன.

முடிவில் வாய் திறந்தவர், கொழுந்து பறித்து ஓய்ந்த ஒருவர். அவருடைய கடைசிப் பிள்ளை குறைமாதத்திற் பிறந்தது. “பிள்ளை இந்த இரவைத் தாண்டுமா என்று மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தேன். அந்த நேரத்தில் யாராவது வந்து, சிரித்தபடி நில் என்று சொல்லியிருந்தால், தொப்பியே வேண்டாம் என்றிருப்பேன்” என்றார். பிறகு எவரும் வாதிக்கவில்லை. நன்றி சொல்லி நூலை மறுத்துவிட்டோம்.

அதனால் இவ்வாண்டு தொப்பிகள் குறைந்துதான் போயின. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பழைய அக்ரிலிக் சட்டைகளைப் பிரித்து, கழுவி, உருண்டையாகச் சுற்றிப் பின்னுகின்றோம். தாதி வந்து தொப்பிகளை ஒரு பெட்டியில் வாங்கிக்கொள்வார். எந்தத் தொப்பி எந்தக் குழந்தைக்குப் போயிற்று என்பது எங்களுக்குத் தெரியாது. யார் பின்னியதென்று அந்தத் தாய்க்கும் தெரியாது.

வெப்பமான ஊர்களிலுள்ள சகோதரிகளும் இத்தகைய கூட்டம் ஒன்றைத் தொடங்கலாம். ஊசியைக் கையில் எடுக்குமுன் உங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தாதியிடம் என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எந்த நூல் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். தொப்பியே வேண்டாம், துடைக்கும் துணிதான் வேண்டும் என்று அவர் சொன்னால், துணியைத் தைத்துக் கொடுங்கள்.