புறமுதுகு காட்டும் வீரர்

‘லைன்மேன்’ என்று சொன்னால் நம் கே.கே. நகர் மக்களின் மனக்கண்ணில் தோன்றுபவர் மின்கம்பம் ஏறும் ஊழியரே. விளக்கு எரியும் நாளில் அவரை நினைப்பார் இல்லை. அணைந்த நாளில் அவரைத் திட்டாதார் இல்லை. அமெரிக்க நாட்டிலும் இப்பெயரால் அழைக்கப்படும் சிலர் உண்டு. அவர்கள் நிற்பது விளையாட்டுத் திடலில். ஆயினும் அவர்களுக்கு வாய்த்த விதியும் ஏறக்குறைய இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் நடுமேற்குப் பகுதியில் ஒரு பங்கில் ஈராண்டுகள் துணைப் பணி ஆற்றினோம். இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊரே பள்ளித் திடலில் கூடிவிடும். நாம் கால்பந்து என்று அறிந்த ஆட்டம் அன்று அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், மோதித் தள்ளியும் ஆடுவது. பக்கத்திற்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். பந்தை எறிபவரைக் ‘குவார்ட்டர்பேக்’ என்பர். அவர் நிதானித்துக் குறிபார்த்து எறிய இரண்டரை அல்லது மூன்று விநாடி தேவை. அந்த மூன்று விநாடியை அவருக்கு ஈட்டித் தருபவர்கள் முன்வரிசையில் நிற்கும் ஐவர். அவர்களே லைன்மேன்கள். வழக்கமான ஆட்டத்தில், முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை.

அவ்வைவரைப் பயிற்றுவித்தவர் அப்பங்கைச் சேர்ந்த ஒரு முதியவர். “பாதர், எல்லாரும் பந்தைப் பார்க்கிறார்கள். ஒரு நாள் என் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள்” என்றார். பார்த்தோம்.

முதற் பயிற்சியில் மாணவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரே ஒருவன் இடமும் வலமும் பாய்வான். அவனைத் தொடாமல், கால்களை மட்டும் நகர்த்தி, எப்போதும் அவனுக்கு நேரெதிரே இருக்க வேண்டும். முழங்கால் மடிந்து இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். பின்வாங்கும்போது கால்கள் ஒன்றையொன்று கடக்கலாகாது. உட்புற வழியே எறிபவரை அடையும் குறுகிய வழி. ஆதலால் அதையே முதலில் அடைக்க வேண்டும். கைகளை அவிழ்த்துவிட்ட பிறகும், விரித்த உள்ளங்கையால் எதிரியின் மார்பைத் தடுக்கலாமே ஒழிய, பற்றி இழுத்தால் குற்றம். 10 கெஜம் தண்டனை. எல்லாவற்றினும் கடினமான பாடம் பாய்ந்து தாக்காதிருப்பதே. சினந்து முன்னே சாய்ந்தவனை எதிரி ஒரே அசைவில் கடந்துவிடுவான். அடியைத் தாங்கி, அங்குலம் அங்குலமாக இடம் கொடுத்து, ஆயினும் வழிவிடாது நிற்க வேண்டும்.

இவ்வாட்டத்தின் தலைசிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவரான வின்ஸ் லொம்பார்டி, இளமையில் குருத்துவப் பயிற்சிக்கெனச் சென்று பின் விலகியவர். நம் தூய வளனார் கல்லூரியைப் போன்றே இயேசு சபையாருடையதான நியூயார்க் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில், 1936இல் ‘ஏழு கருங்கல் பாளங்கள்’ எனப் புகழ்பெற்ற முன்வரிசையில் அவரும் ஒருவராய் நின்றார். இன்று அந்நாட்டின் பெருங்கோப்பை அவர் பெயரையே தாங்குகிறது. நோத்ர் டாம் பல்கலைக்கழகத்தில் முன்வரிசையைப் பயிற்றுவித்த ஜோ மூர் என்பவரின் பெயரால் 2015 முதல் ஒரு விருது வழங்கப்படுகிறது. அது தனி ஒருவருக்குரியதன்று. சிறந்த முன்வரிசை முழுமைக்கும் சேர்த்தே தரப்படுகிறது.

புறமுதுகு காட்டுதலை இழிவெனக் கொண்டது நம் புறநானூற்று மரபு. இங்கோ, லைன்மேன் முதுகு காட்டுவது பகைவனுக்கன்று, தான் காக்கும் தோழனுக்கு. அதனால் தோழன் எறிந்த பந்து பறப்பதை அவன் காண்பதில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தால் நல்லது நடந்தது என்று அறிந்துகொள்கிறான். நடுவர் அவன் எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்பதோ, அவன் பிழை செய்தபோது மட்டுமே.

இவற்றை எல்லாம் கண்டு, வியந்து, மறையுரையிலும் எடுத்துச் சொன்ன நாம், கே.கே. நகருக்குத் திரும்பி வந்தபின் செய்ததை இப்போது எழுதியாக வேண்டும்.

நமக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் எவரையும் சந்திக்கலாகாது என்றார் மருத்துவர். நம் கோயில்பிள்ளை அறுபதைக் கடந்தவர். நாள்தோறும் ஓலையூரிலிருந்து மிதிவண்டியில் வருபவர். அந்த மூன்று வாரமும் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சான்றிதழில் கையொப்பம் கேட்டு வந்தவர், வீடு மந்திரிக்க நாள் குறிக்க வந்தவர், குடும்ப வழக்கோடு வந்தவர் என யாவரும் அவரிடமே மோதித் திரும்பினர்.

நாம் எழுந்து நடமாடத் தொடங்கியதும் புகார்கள் வந்தன. “உங்களைப் பார்க்கவே விடவில்லை சாமி, விரட்டி அடித்தார்” என்றனர். தீர விசாரியாமல் நம்பினோம். பூசைக்கு முன், பீடச் சிறுவர்கள் நிற்கையிலேயே அவரைக் கடிந்துகொண்டோம். “சரிங்க சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திருவிழா முடிவில் நன்கொடையாளர் அனைவருக்கும் பொன்னாடை போர்த்தினோம். நாமே எழுதிய அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பல மாதம் கழித்து, அவர் வயது முதிர்ந்து பணியிலிருந்து நின்றபின், திருவுடை அலமாரியில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அந்த மூன்று வாரத்தில் வந்தவர் ஒவ்வொருவரின் பெயரும், நேரமும், காரியமும் அதில் இருந்தன. பலவற்றின் எதிரே ‘பொறுக்கலாம்’ என்று எழுதியிருந்தார். மூன்றின் எதிரே மட்டும் ‘அவசரம்’. மூன்றும் நோயில் பூசுதலுக்கான அழைப்புகள். அவற்றுக்கு அவரே மிதிவண்டியில் சென்று பக்கத்துப் பங்குச் சாமியாரை அழைத்துவந்த விவரமும் குறிக்கப்பட்டிருந்தது. அடைக்க வேண்டிய வழி எது, திறக்க வேண்டியது எது என்று அந்த முதியவர் அறிந்திருந்தார். திடலில் கற்ற நாம் அறியவில்லை.

போரில் மோசேயின் கைகளைத் தாங்கிப் பிடித்தவர் இருவர். ஆரோனை அறிவோம். கூர் என்பவரைப் பற்றி நாம் எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்போம்? ஒரு முறையும் இல்லை.

மறுநாளே ஓலையூர் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தவர் பதறி எழுந்தார். நோட்டைக் காட்டி, “எம்மை மன்னியுங்கள், அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே” என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு புன்னகைத்தார்.

“சொல்றதுக்கு என்னங்க சாமி இருக்கு? நான் வெளியே பார்த்து நின்னேன். உள்ளே சாமி குறட்டை விடுற சத்தம் கேட்டுச்சு. நல்லாத் தூங்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அது போதுங்க.”